அறுபதில் நடுங்கும் திரை

மனைவி கோமதி சொன்னதைத் தவசிமுத்து மூன்று வருடங்களாக நம்பவில்லை. இதை மறைத்துவிட்டுக் கதையைத் தொடங்குவது நியாயமில்லை. யாராவது கேட்டால் அவரும் முதலில் இதைத்தான் ஒப்புக்கொள்வார்.

அவள் சொன்னது சின்ன விஷயம்தான்.

"அந்தத் திரை நடுங்குதுங்க."

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் இருவருக்கும் வேலை. தவசிமுத்து கீழே ஆஃப்செட் மெஷின்களுக்கு ஃபிட்டர். கோமதி மாடியில், கம்ப்யூட்டர் அறையில் சாமி படங்களைத் திருத்துகிறவள். அங்கே நான்கு பெண்கள் இருந்தார்கள். பூமாலை, நகை, பின்னால் தெரியும் மலை, அருவி எல்லாவற்றையும் மற்ற மூவர் முடிப்பார்கள். கண்ணை மட்டும் கோமதி தொடவேண்டும். அந்த பிரஸ்ஸின் வழக்கம் அது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கண். இரண்டு கண்ணும் ஒன்றாகத் திரையில் தெரிந்தால்தான் அவள் வேலை செய்வாள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதினால்தான் பார்வை நேர்படும், இல்லாவிட்டால் சாமிக்கு மாறுகண் வந்துவிடும் என்பாள்.

"முருகனுக்குக் கண்ணு ஆச்சா?" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார்கள்.

"ஆச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் படம் அச்சுப் பிளேட்டுக்குப் போகும்.

பிரஸ்ஸுக்குப் புதிதாக நான்கு கம்ப்யூட்டர்கள் வந்த வருடம் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. மதியத்துக்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சில நாள் வாந்தி. இரண்டு முறை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள்.

தவசிமுத்து ஒருநாள் மாடிக்குப் போய்த் திரைக்கு நேரே நின்று உற்றுப் பார்த்தார்.

"எங்க நடுங்குது?"

"இந்தா, இப்பக்கூட."

"கல்லு மாதிரி நிக்குதே."

அத்துடன் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெஷின் அதிர்கிறதா என்று பார்க்க ஃபிட்டர்கள் ஒரு வேலை செய்வார்கள். டம்ளரில் தண்ணீரை நிரப்பி மெஷின்மேல் வைப்பார்கள். தண்ணீரில் வளையம் விழுந்தால் அதிர்வு இருக்கிறது என்று அர்த்தம். தவசிமுத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மானிட்டரின் தலையில் வைத்தார். மூன்று பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

அன்றோடு அவர் மனத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. திரையில் ஒன்றும் இல்லை. இவள் மனசில்தான் ஏதோ இருக்கிறது. வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்துபோனார். அது சொன்னதற்குச் சமம்தான்.

மூன்றாவது வருடம், ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மேனேஜர் வேலாயுதம் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"தவசி, உங்க வீட்டம்மா இந்த மாசத்துல ஆறு நாள் பாதியில எந்திரிச்சுப் போயிருக்காங்க. ஆர்டர் தலைக்கு மேல நிக்குது."

"தலைவலிங்க."

"தெரியும். திரை ஆடுதாம். மத்த பிள்ளைகளுக்கு ஆடலையே? ஒண்ணும் ரிப்பேர் இல்லாததை எப்படி மாத்திக் குடுக்க? திங்கக்கிழமையிலேருந்து அவங்களைக் கீழே தகடு அடிக்கிற இடத்துல போடுறேன். கண்ணுக்குப் புதுசா ஒரு பிள்ளை வருது."

காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்துகிற இடம் அது. வேலை போகவில்லை. ஆனால் பதினாறு வருடம் சாமிக்குக் கண் எழுதிய கை, பட்டையை நீட்டப்போகிறது.

கோமதியிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

"எனக்குக் கண் எழுதத் தெரியலன்னு சொல்லி எறக்குனா எறங்கிருவேன்" என்றாள். "பொய் சொல்றேன்னு எறக்குறாங்க பாருங்க. அதுதான்."

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மேனேஜர் அவளைப் பொய்க்காரியாக்கியது இன்றைக்கு. தான் ஆக்கியது எப்போது?

அவள் சொல்வது பொய்யோ மெய்யோ, திங்கட்கிழமைக்குள் அந்தத் திரையை ஒரு வழி பண்ணிவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

*

ரயில்வே கேட்டைத் தாண்டி மானிட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. வைத்திருப்பவர் பெயர் லீதியாள். முப்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரெல்லாம் டீச்சர் என்றே கூப்பிட்டது. இனி அச்சு மெஷினையும் கம்ப்யூட்டர்தான் ஓட்டும் என்ற பேச்சு வந்ததிலிருந்து, நாற்பத்தேழு வயதுத் தவசிமுத்து ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேபோய்க் கற்றுக்கொண்டிருந்தார். எதிர்க் கடையில் டீ ஆற்றுகிறவர் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுப்பாடம் எழுதியாச்சா? டீச்சர் பெஞ்சு மேல ஏத்திரப் போறாங்க."

"ஏத்துனா உன் கடைக்குள்ள என்ன நடக்குதுன்னு நல்லாத் தெரியும்லே" என்றுவிட்டு உள்ளே போய்விடுவார்.

டீச்சரிடம் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. அது அவருக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை போனதும் நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், எங்க வீட்ல, திரை நடுங்குதுன்னு சொல்றா."

"எத்தனையில ஓடுது?"

"அறுபது."

ஒரு நொடியில் திரை அறுபது தடவை வரையப்படுகிறது என்று அர்த்தம். மானிட்டர் படத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. கோடு கோடாக வரைகிறது, வரைந்தது மங்குகிறது, மங்குவதற்குள் மறுபடி வரைகிறது. எவ்வளவு வேகமாக வரைகிறதோ அவ்வளவு அமைதியாக நிற்கும். இது டீச்சர் முன்பே சொல்லிக்கொடுத்த பாடம்.

"கூட்ட வேண்டியதுதானே?"

"கூட்ட விடமாட்டேங்குது டீச்சர். கம்ப்யூட்டருக்குள்ள படம் காட்டுற போர்டோட வந்த டிஸ்க் தொலைஞ்சு போச்சு. அதைச் செஞ்ச கம்பெனியும் இப்ப இல்ல. திரையை ஓட்டுற புரோகிராம், எல்லாத்துக்கும் பொதுவா ஒரு டிரைவர் இருக்குல்ல, அதைப் போட்டுத்தான் ஓட்டுறாங்க. அதுல போய்ப் பார்த்தா அறுபது மட்டும்தான் இருக்கு. வேற எண்ணே காட்டல. ஏன் டீச்சர் அது அறுபதுக்கு மேல தரமாட்டேங்குது?"

டீச்சர் ஒரு மானிட்டரின் முதுகைத் திறந்துவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தவில்லை.

"கல்யாணப் பந்தியில எலை ஓரத்துல மொதல்ல என்ன வைப்பாங்க?"

"உப்பு."

"எதுக்கு?"

தவசிமுத்து யோசித்தார். "ஆயிரம் பேருக்கு ஆக்குறவன் யாரோட நாக்குன்னு பாப்பான்? பிரஷர் இருக்கவனும் உக்காருவான், உப்புக்கண்டம் திங்கிறவனும் உக்காருவான். கொறைச்சுப் போட்டு ஆக்கிருவான். வேணுங்கிறவன் தொட்டுக்கட்டும்னு ஓரத்துல வச்சிருவாங்க."

"உங்க டிரைவர் அந்தச் சமையக்காரன்தான்."

அவருக்கு விளங்கியது. முன்னால் உட்கார்ந்திருப்பது எந்த மானிட்டர் என்று அந்த டிரைவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அறுபது வைத்தால் எந்த மானிட்டரும் சாகாது.

"அப்ப உப்பு எங்க டீச்சர் இருக்கு?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு தன் கம்ப்யூட்டரில் காட்டினார். அந்த டிரைவருக்கென்று ஒரு சிறிய கோப்பு. அதில் ஒரு வரி. திரை எத்தனைக்கு எத்தனை, நொடிக்கு எத்தனை தடவை என்று நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதிவிட்டு மறுபடி கிளப்பினால் அதன்படி ஓடும்.

"இது கேள்வி கேக்காது அண்ணாச்சி. நீங்க என்ன எழுதினாலும் செஞ்சிரும்."

தவசிமுத்துவின் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது.

*

சனிக்கிழமை மதியம், மேனேஜரிடம் கெஞ்சிக்கூத்தாடி, கோமதியின் கம்ப்யூட்டரை ஒரு ஆட்டோவில் ஏற்றினார்.

"ஒடைச்சிராதீரும்" என்றார் வேலாயுதம். "ஒடைச்சா புருசனும் பொண்டாட்டியுமா சேந்து தகடு அடிங்க."

டீச்சர் கடையில் இல்லை. கதவு திறந்திருந்தது. பக்கத்தில் எங்கோ போயிருப்பார். காத்திருந்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை என்ற ஒன்று முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது மனிதன் காத்திருப்பதில்லை. அவர் எல்லாவற்றையும் மாட்டிக் கிளப்பினார். அந்தக் கோப்பைத் திறந்தார்.

ஆனாலும் ஃபிட்டர் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை. மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். இரண்டு வரி இருந்தது. மேல் வரியில் முப்பதிலிருந்து ஐம்பத்துநான்கு. அது என்னவென்று புரியவில்லை. அகலம் பற்றியதாக இருக்கும் என்று தாண்டிவிட்டார். கீழ் வரியில் ஐம்பதிலிருந்து நூற்றிருபது. இதுதான் நமக்கு வேண்டியது. நூற்றிருபது வரை தாங்குமென்றால் நூறு தாராளமாகத் தாங்கும்.

நூறு என்று எழுதினார். மறுபடி கிளப்பினார்.

முதலில் ஒரு கீச்சுச் சத்தம். பிறகு படம் கசங்கிச் சாய்ந்தது. சாய்ந்த கோடுகளாகக் கிழிந்து ஓடியது. உள்ளே டிக், டிக், டிக் என்று எதுவோ அடித்துக்கொண்டது.

அவர் வயரைப் பிடித்து இழுத்தார். பிளக்கோடு கையில் வந்தது.

வாசலில் டீச்சர் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பையை வைத்துவிட்டு வந்து, மானிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

"கருகல் வாடை இல்ல" என்றார். "பொழைச்சுக்கிருச்சு. எவ்வளவு போட்டீங்க?"

"நூறு."

"நூறா!"

"நூத்திருபது தாங்கும்னு போட்டிருந்துச்சு டீச்சர்."

"மேல் வரி?"

அவர் மானிட்டரின் முதுகில் இருந்த சீட்டை மறுபடி குனிந்து பார்த்தார்.

டீச்சர் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை. பழைய அறுபதிலேயே மறுபடி கிளப்பிக்கொடுத்தார். திரை வந்தது. வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தார்.

"அண்ணாச்சி, இந்த நடுக்கத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஒருதடவைகூட?"

"ஒருதடவைகூட இல்ல. டம்ளர்ல தண்ணி வச்சுக்கூடப் பாத்தேன். ஆடல."

டீச்சர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மானிட்டர் தலையிலயா? நல்லவேளை அண்ணாச்சி, அந்தத் தண்ணி உள்ள போயிருந்தா இன்னைக்கு நம்ம ரெண்டுபேரும் பேசிக்கிட்டிருக்க மாட்டோம்."

சிரிப்பு அடங்கியதும் எழுந்து ட்யூப்லைட்டை அணைத்தார். சன்னலைச் சாத்தினார். எதிர்ச் சுவரில் தொங்கிய பல்லி விழும் பலன் அச்சிட்ட காலண்டர் ஒன்றைக் காட்டினார்.

"அதைப் பாருங்க."

"திரையைப் பாக்க வேணாமா?"

"வேணாம். சொவத்தையே பாருங்க. கண்ணைத் திருப்பாதீங்க."

தவசிமுத்து சுவரைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னும் பார்த்தார்.

அப்போது, இடது கண்ணின் ஓரத்தில், அந்த வெள்ளைத் திரை துடித்தது.

சட்டென்று திரும்பித் திரையைப் பார்த்தார். கல்லாக நின்றது. மறுபடி சுவரைப் பார்த்தார். ஓரத்தில் அது துடித்தது. காய்ச்சல் கண்டவன் உதடு துடிப்பதுபோல, விடாமல், மிகச் சிறிதாக.

மூன்று முறை திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான்காவது முறை பார்க்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"மூணு வருசம்."

டீச்சர் விளக்கைப் போட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் காய்கறிப் பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஓரத்தில் பார்த்த எனக்கே இப்படி என்றால், நேராகப் பார்த்தாலும் அப்படியே தெரிகிற கண் ஒன்று இருந்தால்? அது நாளைக்குப் பத்து மணி நேரம் பார்த்தால்? தவசிமுத்து தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் தேவைப்படாத கேள்வி.

பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

"மேல் வரின்னா என்ன டீச்சர்? சொல்லுங்க."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். கூட ஒரு பென்சில்.

"மேலேருந்து கீழ எட்டுக் கோடு போடுங்க. போட்டதும் மறுபடி மேல போயி, அதுமேலயே எட்டு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

அவர் போட்டார்.

"வேகமா."

வேகமாகப் போட்டார்.

"இன்னும் வேகமா."

கோடுகள் சாய்ந்தன. ஒன்று தாளை விட்டு வெளியே ஓடியது. பென்சில் முனை ஒடிந்தது. சற்றுமுன் திரையில் பார்த்தது அப்படியே தாளில் இருந்தது.

"கை இதுக்கு மேல ஓடாது டீச்சர்."

"இப்ப எட்டு வேணாம். ஆறு போடுங்க."

வேறு பென்சில் எடுத்து ஆறு ஆறாகப் போட்டார். கை அதே வேகத்தில்தான் ஓடியது. ஆனால் பக்கம் சீக்கிரம் சீக்கிரமாக முடிந்தது. நின்று யோசித்தார்.

"கோட்டுக்கு ஒரு அளவு இருக்கு. நொடிக்கு இத்தனை கோடுதான் இழுக்கும். அந்த மேல் வரி, அதுவா?"

"அதுதான். ஆயிரத்துல போட்டிருக்கு, ஐம்பத்து நாலுன்னா நொடிக்கு ஐம்பத்து நாலாயிரம் கோடு."

தவசிமுத்து தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். கோமதியின் திரையில் எழுநூற்று அறுபத்தெட்டுக் கோடுகள். கீழே முடித்துவிட்டு மேலே திரும்பிப் போவதற்குச் செலவாகும் நேரத்தையும் சேர்த்தால் எண்ணூற்று ஆறு. நூறு தடவை என்றால் எண்பதாயிரத்துக்கு மேல். அந்தப் பாவப்பட்ட மானிட்டரிடம் அவர் கேட்டது அதைத்தான். அறுபத்தேழு தடவை என்றால் ஐம்பத்து நாலாயிரத்து இரண்டு.

"ரெண்டு கோடு கூடுது டீச்சர்."

"கூடுதுல்ல."

"அப்ப அறுபத்தாறு."

அறுபத்தாறு எழுதிக் கிளப்பினார். கையை வயரின்மேல் வைத்தபடியே நின்றார். கீச்சுச் சத்தம் இல்லை. படம் சுத்தமாக வந்தது. சுவரைப் பார்த்தார். ஓரத்தில் நடுக்கம் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது.

படத்தைச் சின்னதாக்கிக் கணக்குப் போட்டார். அறுநூறு கோடு உள்ள திரை. திரும்பும் நேரத்தோடு அறுநூற்று முப்பத்தொன்று. எண்பத்தைந்து தடவை போனாலும் ஐம்பத்து நாலாயிரத்துக்குள் அடங்கியது. எழுதினார். கிளப்பினார். சுவரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தும் ஓரத்தில் ஒன்றும் துடிக்கவில்லை.

"நின்னுருச்சு!" என்றார். எதிர் டீக்கடை வரை கேட்டிருக்கும்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த முருகன் படத்தைத் திறந்து பார்த்தார். கண் இன்னும் எழுதாத படம். கோமதி எழுதுகிற அளவுக்குப் பெரிதாக்கினால், இந்தச் சின்னத் திரையில் ஒரு கண்தான் தெரிந்தது. இன்னொன்று ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டையும் உள்ளே கொண்டுவந்தால் இமை முடி தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது.

பெரிதாக வைத்தால் அறுபத்தாறு. அமைதியாக வைத்தால் ஒற்றைக் கண்.

பொழுது சாய்கிறவரை அந்தத் தாளோடு மல்லுக்கட்டினார். நடுவில் ஒரு அளவு இருக்குமா என்று தேடினார். எழுநூறு கோடு வைத்தால், எழுபத்து மூன்று. ஓடத்தான் செய்தது. ஆனால் எழுத்தெல்லாம் கொஞ்சம் மழுங்கியது. மூன்றையும் தாளில் எழுதி வட்டமிட்டார். எண்பத்தைந்துக்கு இரண்டு வட்டம் போட்டார். அப்புறம் அடித்தார். எழுபத்து மூன்றுக்குப் போட்டார்.

"டீச்சர், எது சரி? நீங்க பாத்துச் சொல்லிருங்க."

லீதியாள் வந்து திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"எனக்கு அறுபதே நிக்குது அண்ணாச்சி."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும்."

"வெளையாடாதீங்க டீச்சர்."

"பதினோரு வருசமா மானிட்டரைப் பிரிக்கிறேன். ஒருநாள்கூட எனக்கு நடுங்கினது இல்ல. என் கண்ணு அப்படி."

தவசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நேத்து நான் வந்து சொன்னதும், எத்தனையில ஓடுதுன்னுதான் கேட்டீங்க. நெசமா, பொய்யான்னு ஒரு வார்த்தை கேக்கல. உங்களுக்கே தெரியாத ஒண்ணை எப்படி டீச்சர் நம்புனீங்க?"

டீச்சர் முந்தின நாள் திறந்துவைத்த மானிட்டருக்கு மூடியைப் பொருத்தி, திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். நான்காவது திருகாணியையும் முடித்தார்.

"அவங்கதான் சொன்னாங்களே" என்றார்.

*

ராத்திரி சாப்பிடும்போது தவசிமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நடுங்குது."

"எது?"

"திரை."

கோமதி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"டம்ளர் தண்ணி ஆடிருச்சோ?"

"ஏன்டி."

"இல்ல, கேட்டேன்." கரண்டியை எடுத்து அவர் தட்டில் குழம்பை ஊற்றியபடி, "எங்க பாத்தீங்க?" என்றாள்.

"ஓரக்கண்ணுல."

"ஓரமா?" என்று ஆச்சரியப்பட்டாள். "உங்களுக்கு ஓரத்துலதான் தெரியுதா?"

அவளுக்கு எங்கே தெரிகிறது என்று கேட்டிருக்கவேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு, இரண்டாவது முறை சோறு வேண்டுமென்று தட்டை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பிரஸ்ஸுக்குப் போனார்கள். மெஷின்கள் நின்றிருந்தன. வாட்ச்மேன் மாடி அறையைத் திறந்துவிட்டுப் போனார். தவசிமுத்து கம்ப்யூட்டரை அதன் இடத்தில் வைத்து மாட்டினார். முருகன் முகம் வந்தது. கோமதி தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனையில வச்சிருக்கீங்க?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"எது நல்லதுன்னு உங்க டீச்சர் சொன்னாங்க?"

"அவங்களும் சொல்லல."

"அப்ப நீங்க வந்து பாருங்க. நேரா நின்னு பாப்பீங்கல்ல."

தவசிமுத்து திரைக்கு முன்னால் போகவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து, திரைக்கு முதுகு காட்டி, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெளிச்சம் அவள் கண்களில் விழுந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். வட்டங்களையெல்லாம் அழித்திருந்தார். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கோமதி, உனக்கு இது எப்படித் தெரியுது?"